கட்டுப் போட்டாயிற்று, எலும்பை யார் பார்ப்பது? முதியவர்களின் இரண்டாவது முறிவு பற்றி

அறுபதைத் தாண்டிய ஒருவர் வீட்டுக்குள்ளேயே விழுந்து கையையோ இடுப்பையோ முறித்துக்கொண்டால், அடுத்த ஒரு வாரம் எல்லோரும் தரையைப் பற்றியே பேசுவார்கள். டைல்ஸ் ஈரமாக இருந்தது, நடைபாதைக் கல் ஆடியது, செருப்பு தேய்ந்திருந்தது. எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அதே ஈர டைல்ஸில் பேரன் விழுந்திருந்தால் சிராய்ப்போடு எழுந்து போயிருப்பான். தரை பாதிக் காரணம் என்றால் எலும்பு மீதிக் காரணம், அந்த மீதியை யாரும் விசாரிப்பதே இல்லை.

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் இது இன்னும் சிக்கலாகிறது. அப்பா அம்மா ஆறு மாதம் ஒயிட்ஃபீல்டில் மகன் வீட்டில், ஆறு மாதம் கும்பகோணத்தில். சர்க்கரைக்கும் பிபிக்கும் ஊர் டாக்டர், ஆபரேஷன் நடந்தது இங்கே, பிசியோதெரபி பாதி இங்கே பாதி அங்கே, எக்ஸ்ரே எந்தப் பையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முறிந்தது ஒட்டிவிட்டது என்று எலும்பு டாக்டர் ஃபைலை மூடுகிறார். எலும்பு சமாச்சாரம் அவர் பார்த்திருப்பார் என்று ஊர் டாக்டர் நினைத்துக்கொள்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் விழும் இந்த இடைவெளியில்தான் இரண்டாவது முறிவு வருகிறது. அதன் வாய்ப்பைக் கணிசமாகக் குறைக்க மருந்து இருக்கிறது, அதில் முக்கியமானவை பழைய மருந்துகள், ஜெனரிக்கிலேயே கிடைப்பவை. கேட்கத்தான் ஆளில்லை.

## எந்த முறிவைச் சந்தேகப்பட வேண்டும்

நின்ற உயரத்திலிருந்தோ அதற்கும் கீழேயிருந்தோ விழுந்து முறிந்தால், அதாவது நடக்கும்போது தடுக்கி, கட்டிலிலிருந்து இறங்கும்போது சரிந்து, நாற்காலி நழுவி என்று எப்படி இருந்தாலும், பலவீனமான எலும்பில் நடந்த முறிவு என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இது அதிகம் வரும் இடங்கள் நான்கு.

1. மணிக்கட்டு. விழும்போது கையை ஊன்றுவதால் வருவது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஐம்பதுகளிலேயே வரும். பலருக்கு இதுதான் முதல் எச்சரிக்கை, ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டு மறந்துபோவதும் இதைத்தான்.

2. தோளுக்குச் சற்றுக் கீழே, மேற்கை எலும்பு.

3. முதுகெலும்பு. இதற்கு விழவே வேண்டாம். தண்ணீர் கேனைத் தூக்கினாலோ, ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினாலோ கூட ஒரு முள்ளெலும்பு, அதாவது முதுகெலும்புத் தொடரில் ஒரு துண்டு, நசுங்கிவிடலாம்.

4. இடுப்பு. உண்மையில் முறிவது தொடை எலும்பின் மேல்முனை. நான்கில் மோசமானது இதுதான். ஓராண்டுக்குள் இறப்பவர்கள் பெரும்பாலான ஆய்வுகளில் 20 முதல் 30 சதவீதம், அதில் ஆண்களின் நிலைமை பெண்களைவிட மோசம். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி யார் துணையும் இல்லாமல் நடப்பதில்லை.

இதில் முதுகெலும்பு முறிவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கு டாக்டரின் பார்வைக்கே வருவதில்லை. முதுகுவலி என்று தைலம் தேய்த்து, பெல்ட் போட்டு, நாலு வாரத்தில் வலி குறைந்ததும் விட்டுவிடுகிறோம். வெளியே தெரியும் அடையாளம் உயரம் குறைவதுதான். எப்போதும் சரியாக நின்ற புடவையின் கரை இப்போது தரையில் புரள்கிறது, மேல் தட்டில் இருக்கும் டப்பா எட்டவில்லை, மேல்முதுகு வளைந்து வயிறு முன்னால் தள்ளுகிறது. இளமையில் இருந்த உயரத்தில் 4 செ.மீ. அளவுக்குக் குறைந்திருந்தால் முதுகுக்குப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயிலோ சி.டி. ஸ்கேனிலோ ‘முள்ளெலும்பு நசுங்கல்’ என்று ஒரு வரி ஏற்கெனவே எழுதியிருக்கவும் வாய்ப்புண்டு. பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டுங்கள்.

## எலும்புக்குள் நடக்கும் வேலை

எலும்பு செத்த பொருள் இல்லை. ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பை அரித்துக் குழி தோண்டும், இன்னொரு வகைச் செல்கள் பின்னாலேயே வந்து அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்பும். வருடத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்புக்கூடு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. முப்பது வயது வாக்கில் எலும்பு உச்சத்தில் இருக்கும். அப்புறம் மெல்ல மெல்லக் கணக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் தோண்டும் கூட்டத்துக்குக் கடிவாளம் போய்விடுகிறது, நிரப்பும் கூட்டத்தால் ஈடுகொடுக்க முடிவதில்லை. பெங்களூரில் ஒரு மழைக்காலம் இருந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டாம், நம் தெருவில் கேபிளுக்குத் தோண்டும் வேகமும் தார் போடும் வேகமும் தெரிந்ததுதானே.

இப்படி உள்ளே சல்லடையாகிப்போன நிலைக்கு ஆஸ்டியோபோரோசிஸ் என்று பெயர். முழங்காலில் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு நோய். அது வலிக்கும். இது முறியும்வரை வலிக்கவே வலிக்காது.

## ஒன்று முறிந்தால் இன்னொன்று ஏன்

ஒருமுறை இப்படி முறிந்தவருக்கு மறுபடியும் முறியும் வாய்ப்பு, முறியாத அதே வயதுக்காரரைவிடச் சுமார் இரண்டு மடங்கு. இந்த ஆபத்து வருடங்களில் சமமாகப் பரவி இருப்பதில்லை, முதல் இரண்டு ஆண்டுகளில்தான் குவிந்து கிடக்கிறது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக ஒரு முள்ளெலும்பு நசுங்கிய பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஓராண்டுக்குள்ளேயே இன்னொன்று நசுங்கியது. அதேபோல இடுப்பு முறிந்து வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதற்கு முன்பே வேறு எங்கோ ஒரு எலும்பு முறிந்திருக்கிறது. பலருக்கு இடுப்பு ஒரு நாளில் திடீரென்று முறிவதில்லை, மணிக்கட்டு போன்ற இடங்களில் முன்னறிவிப்பு வந்துவிடுகிறது.

ஏன் இப்படி? எலும்பின் பலவீனம் முதல் முறிவோடு தீர்ந்துவிடுவதில்லை, அது ஒரு பக்கம். கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் வாரங்களில் தொடைத் தசை உருகுகிறது, வலி மாத்திரையில் தலை கிறுகிறுக்கிறது, மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடையே குறைகிறது, நடை குறைந்ததால் கால் இன்னும் தளர்கிறது. எலும்பு பலவீனமாகும் அதே மாதங்களில் விழும் வாய்ப்பும் ஏறுகிறது. ‘கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் அந்த ஆறு மாதம்தான் ஆக ஆபத்தான ஆறு மாதம்.

பிளேட், ஸ்க்ரூ, செயற்கை மூட்டு எல்லாம் முறிந்த அந்த ஒரு எலும்புக்கு மட்டும். எதிர்ப்பக்க இடுப்புக்கு அவை எதுவும் செய்வதில்லை.

## ரிப்போர்ட்டில் வரும் குழப்பங்கள்

எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா ஸ்கேன் எடுப்பார்கள். மிகக் குறைந்த கதிர்வீச்சு, சில நிமிட வேலை, இடுப்பையும் கீழ்முதுகையும் படம் எடுக்கும். அதில் வரும் எண்ணுக்கு டி ஸ்கோர் என்று பெயர், இளம் வயது ஆரோக்கியமான எலும்போடு ஒப்பிட்டால் நீங்கள் எவ்வளவு கீழே இருக்கிறீர்கள் என்ற கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவுகோல்படி மைனஸ் 1க்கு மேல் இருந்தால் இயல்பு. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவில் ஆஸ்டியோபீனியா. மைனஸ் 2.5ம் அதற்குக் கீழும் ஆஸ்டியோபோரோசிஸ். இதுவரை சுலபம். குழப்பம் இதற்கு மேல்தான்.

1. ‘ஆஸ்டியோபீனியாதான், பயமில்லை’ என்பது. இது ஏற்கெனவே முறிந்தவருக்குப் பொருந்தாத ஆறுதல். இந்த வகை முறிவுகளில் பெரும்பகுதி மைனஸ் 2.5க்கு மேலே இருப்பவர்களுக்குத்தான் நடக்கிறது, காரணம் அந்த வரம்பில் இருப்பவர்கள் எண்ணிக்கையில் அதிகம். சாதாரணமாக விழுந்து இடுப்போ முதுகெலும்போ முறிந்துவிட்டால் ஸ்கோர் என்னவாக இருந்தாலும் அது ஆஸ்டியோபோரோசிஸ்தான், சிகிச்சை வேண்டும். முறிவே பரீட்சை முடிவு. ஸ்கேன் தேதி கிடைக்கவில்லை என்று மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதும் இல்லை.

2. அபார்ட்மெண்ட் முகாம். ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்து இலவசமாக எலும்புப் பரிசோதனை செய்கிறார்களே, அது அல்ட்ராசவுண்ட். அதிலும் டி ஸ்கோர் என்றே ஒரு எண் அச்சாகி வரும், ஆனால் டெக்ஸா எண்ணோடு அதை ஒப்பிடக் கூடாது. அதை வைத்து நோய் இருக்கிறது என்று சொல்லவும் முடியாது, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் முடியாது. அந்த முகாம் முடிவில் கைநிறையக் கால்சியம் டப்பா கொடுத்து அனுப்பினால் முகாமின் நோக்கம் என்ன என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

3. சர்க்கரைக்காரர்கள். டைப் 2 சர்க்கரை இருப்பவர்களுக்கு டெக்ஸாவில் அடர்த்தி நன்றாகவே தெரியும், சில சமயம் சராசரிக்கும் மேலே. இருந்தும் அவர்களுக்கு முறிவு அதிகம். எலும்பின் அளவு குறையவில்லை, தரம் கெட்டிருக்கிறது, அதை இந்த ஸ்கேன் காட்டாது. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத முதியவரைத் தேட வேண்டியிருக்கிறது என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

4. கீழ்முதுகு எண் மட்டும் நன்றாக இருப்பது. வயதானவர்களின் முதுகில் எலும்பு முளைப்புகளும் தேய்மானமும் சேர்ந்து அடர்த்தியைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். இடுப்பு எண்ணையும் பாருங்கள்.

முறிவே இன்னும் ஏற்படாதவர்களுக்கு ஃப்ராக்ஸ் என்ற கணக்கீடு இருக்கிறது. 2008இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, இந்தியாவுக்கும் தனிக் கணக்கு உண்டு. வயது, எடை, புகை, ஸ்டீராய்டு, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா என்றெல்லாம் கேட்டு அடுத்த பத்தாண்டில் முறியும் வாய்ப்பைச் சொல்லும். டைப் 2 சர்க்கரையை அது கேள்வியாகவே கேட்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

## வேறு நோய் ஒளிந்திருக்கிறதா

மருந்து தொடங்கும் முன் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), வைட்டமின் டி, தைராய்டு, ரத்த அணுக்கள், தேவைப்பட்டால் பாராதைராய்டு ஹார்மோன். ரத்தசோகையும் முதுகுவலியும் சேர்ந்து இருந்தால் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யவும் ஒரு டெஸ்ட் உண்டு. ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவர்கள், மார்பகப் புற்றுநோய்க்கோ புராஸ்டேட் புற்றுநோய்க்கோ ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்கள் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று இருந்தால் பல சமயம் கேட்க மாட்டார்கள்.

## மருந்துகள், பயங்கள், ஒரு காபி

முதல் வரிசை மருந்துகள் பிஸ்பாஸ்போனேட் என்ற குடும்பம். தோண்டும் செல்களை அடக்குவது இவற்றின் வேலை.

அலெண்ட்ரோனேட் 70 மி.கி., வாரம் ஒரு மாத்திரை. கேட்க எளிது, சாப்பிடும் முறையில்தான் நம் வீடுகள் தவறிப்போகின்றன. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரைமணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது, வேறு எதுவும் சாப்பிடவும் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். காபியோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் ஏறுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். எழுந்ததும் ஃபில்டர் காபி இல்லாமல் கண் திறக்காத மாமிகளிடம் வாரத்தில் ஒரு நாள் மட்டும் அரைமணி தள்ளிக் குடியுங்கள் என்று சொல்வது சாதாரண விஷயமில்லைதான். கூடவே தைராய்டு மாத்திரையும் அதே வெறும் வயிற்றுக்குப் போட்டி போடும், எதை எப்போது என்று டாக்டரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கால்சியம் மாத்திரை அந்தக் காலைவேளைப் பக்கமே வரக் கூடாது.

இந்தக் கெடுபிடி ஒத்துவராதவர்களுக்கு ஜோலெட்ரானிக் ஆசிட், வருடத்துக்கு ஒருமுறை 5 மி.கி. நரம்பு வழியாக ஏற்றுவார்கள். 2007இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இடுப்பு ஆபரேஷன் முடிந்த 90 நாட்களுக்குள் இதைக் கொடுத்தபோது புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன, இறப்பும் 28 சதவீதம் குறைந்தது. முதல் முறை போட்டதும் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பாராசிட்டமால் போதும், இரண்டாவது முறை பெரும்பாலும் அவ்வளவு இருக்காது. சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால் இந்தக் குடும்பத்து மருந்துகள் ஆகாது. வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே போட வேண்டும்.

இந்த மருந்தால் முறிந்த எலும்பு ஒட்டாமல் போகுமோ என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள். அதற்கு ஆதாரமில்லை. ஊசி என்றால் முறிந்து இரண்டு வாரம் கழித்துப் போடுவது வழக்கம், அவ்வளவுதான்.

டெனோசுமாப் என்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் 60 மி.கி. ஊசி. நன்றாக வேலை செய்யும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் தரலாம் (ஆனால் அவர்களுக்கு ரத்தக் கால்சியம் சரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்). இதில் ஒரு பொறி இருக்கிறது. நிறுத்தினால் அடக்கி வைத்த அரிப்பு மொத்தமாகத் திரும்பிப் பாயும், ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் நசுங்கிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஊசி தேதி ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது, நிறுத்துவதென்றால் வேறு மருந்துக்கு மாறித்தான் நிறுத்த வேண்டும். இரண்டு ஊருக்கும் அலையும் பெற்றோருக்கு இதை எழுதும்போது டாக்டரிடம் அலைச்சலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால், தேதியை நினைவுவைக்க ஒருவர் பொறுப்பெடுக்காத வீட்டில் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

டெரிபாரடைட் தினமும் போடும் ஊசி, எலும்பைக் கட்டும் பக்கத்தைத் தூண்டுவது. முதுகெலும்பு பல இடங்களில் நசுங்கியவர்களுக்கு, மிக மோசமான ஸ்கோர் உள்ளவர்களுக்கு இதை முதலில் தருவது உண்டு. வழக்கமாக அதிகபட்சம் இரண்டு வருடம். முடிந்ததும் பிஸ்பாஸ்போனேட் தொடராவிட்டால் கட்டியது கரைந்துபோகும்.

இணையத்தில் தேடினால் முதலில் வருவது இரண்டு பயங்கள்: தாடை எலும்பு அழுகும், தொடை எலும்பு தானாக முறியும். இரண்டும் உண்மையாகவே நடப்பவை, ஆனால் மிக அரிது. தாடைப் பிரச்சினை, எலும்பு பலவீனத்துக்குத் தரும் அளவில், பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாக ஒரு வருடத்தில் வருவது. மருந்து தொடங்கும் முன் பல் பிடுங்கும் வேலையை முடித்துவிட்டால் அதுவும் குறையும். தொடை முறிவுக்கு முன்னால் பலருக்கு வாரக்கணக்கில் தொடையிலோ கவட்டிலோ மந்தமான வலி வரும், வந்தால் உடனே எக்ஸ்ரே. இதற்காகத்தான் மாத்திரையை ஐந்து வருடத்திலும் வருட ஊசியை மூன்று வருடத்திலும் தொடர்வதா இடைவெளி விடுவதா என்று மறுபரிசீலனை செய்கிறார்கள். இந்த இடைவெளி டெனோசுமாபுக்குப் பொருந்தாது. அரிதான ஒன்றுக்குப் பயந்து, முதல் இரண்டு ஆண்டில் வரக் காத்திருக்கும் முறிவை வரவேற்பது கணக்குத் தெரியாத பயம்.

## ராகியும் சாஷேயும்

கால்சியம் மட்டும் சாப்பிட்டால் போதும் என்பது மிகப் பரவலான தவறு. முறிந்தவருக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் அடித்தளம், மருந்துக்கு மாற்று இல்லை. 2022இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், பொதுவாக ஆரோக்கியமாக இருந்தவர்களுக்குத் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்தும் முறிவு குறையவில்லை.

ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் தந்த அளவு பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மி.கி. கால்சியம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. பெங்களூரில் இருந்துகொண்டு இதற்கு அலைய வேண்டியதில்லை. 100 கிராம் ராகி மாவில் சுமார் 350 மி.கி. இருக்கிறது, முத்தெயாகவோ களியாகவோ தோசையாகவோ எப்படி வேண்டுமானாலும் ஆகட்டும், முளைகட்டி அரைத்தால் உடம்பில் சேர்வதும் கூடும். பெரிய டம்ளர் பாலில் சுமார் 300. தயிர், முருங்கைக்கீரை, எள்ளு என்று சேர்த்தால் பலருக்கு ஒரே ஒரு மாத்திரை போதும், சிலருக்கு அதுவும் வேண்டாம். மாத்திரை எடுத்தால் சாப்பாட்டோடு எடுங்கள், தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அட்டையில் கார்பனேட் 1,250 மி.கி. என்று இருந்தால் அதில் கால்சியம் 500தான்.

புரதம் பற்றி யாரும் பேசுவதில்லை, அதுதான் நம் சைவ வீட்டு முதியவர்களின் பெரிய ஓட்டை. எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் வேண்டும். ராத்திரி ரெண்டு இட்லி, மோர் என்று முடித்துக்கொள்பவருக்குத் தசை எங்கிருந்து வரும்? சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைட்டமின் டி விஷயத்தில் வெயில் ஊர் என்ற நம்பிக்கை வேண்டாம். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் வேண்டிய கதிர் வராது, அதிகாலை வாக்கிங்கிலும் வராது. குறைவாக இருந்தால் 60,000 யூனிட் சாஷே, வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு என்பது வழக்கம். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு ரத்தக் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருவதும் நடக்கிறது. மொத்தமாக ஒரே டோஸாகப் போட்டுக்கொள்வதும் ஆபத்து: 2010இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் வருடத்துக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்த மூதாட்டிகள் கொடுக்காதவர்களைவிட அதிகம் விழுந்தார்கள், அதிகம் முறித்துக்கொண்டார்கள்.

## விழாமல் இருப்பது

அறுபத்தைந்து தாண்டியவர்களில் மூன்றில் ஒருவர் வருடத்தில் ஒருமுறையாவது விழுகிறார். கிராப் பார், ரப்பர் மேட், ராத்திரி விளக்கு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கக்கூடியவை, முடித்துவிடுங்கள். அதைவிட முக்கியமானது மாத்திரைப் பெட்டி.

1. தூக்க மாத்திரை. அல்ப்ராசோலம், குளோனாசெபாம் வகை. ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது கால் பின்னுவதற்கு இது பெரிய காரணம். திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்டு மெல்லக் குறைக்க வேண்டும்.

2. பிபி மாத்திரையும் புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசினும். படுத்திருக்கும்போது பிபி பாருங்கள், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் மாத்திரையை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் மெஷின் இருக்கிறது, இதை மட்டும் யாரும் செய்வதில்லை.

3. இன்சுலினும் கிளிமிபிரைடும் தரும் சர்க்கரைத் தாழ்வு. வயதானவர்களுக்குச் சர்க்கரையை இளைஞர் அளவுக்கு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

4. கண். கண்புரையைத் தள்ளிப்போடாதீர்கள். இரட்டை லென்ஸ் கண்ணாடியோடு படி இறங்கும்போது கீழ்ப்படி மங்கலாகத் தெரியும்.

உடற்பயிற்சியில் நடைக்குக் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம். லால்பாகில் மூன்று சுற்று நடப்பது இதயத்துக்கு நல்லது, விழுவதைத் தடுக்க அது மட்டும் போதாது. கூடவே, பார்க்குக்குப் போய்ச் சேர சாக்கடை மேல் போட்ட ஆடும் கருங்கல் பலகைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. விழுவதை உண்மையாகக் குறைப்பது சமநிலைப் பயிற்சியும் கால் வலுவும்தான். இப்படிப்பட்ட பயிற்சிகள் விழுவதைச் சுமார் 23 சதவீதம் குறைத்ததாக பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வு சொல்கிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து நடப்பது. முறிவு ஏற்பட்டவர்கள் பிசியோதெரபிஸ்ட் பார்க்கத் தொடங்க வேண்டும்.

முதுகெலும்பு நசுங்கியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. முதுகை வளைத்து முன்னால் குனிவதுதான் முள்ளெலும்பை அதிகம் நசுக்குகிறது. குனிந்து கோலம் போடுவது, குனிந்தபடி பக்கெட் தூக்குவது, யோகா வகுப்பில் காலைத் தொடும் ஆசனங்கள் எல்லாம் இதில் வரும். கோலத்தை மருமகளிடமோ மகனிடமோ விடலாம், ஆசனங்களை மாற்றித் தரச் சொல்லலாம்.

## யாரிடம் போவது

வெளிநாடுகளில் இந்த இடைவெளியை அடைக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1990களின் கடைசியில் பரவலான முறை அது: ஐம்பது தாண்டிய ஒருவர் முறிவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால், ஒரு நர்ஸ் அவர் பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருந்து, விழாமல் தடுக்கும் பயிற்சி எல்லாம் நடந்ததா என்று பின்தொடர்வார். சர்வதேச ஆஸ்டியோபோரோசிஸ் அமைப்பு 2012இல் இதை மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோகும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. இங்கே பெரும்பாலான இடங்களில் அந்த நர்ஸ் வேலையைப் பிள்ளைகள்தான் செய்தாக வேண்டும்.

பெங்களூரில் ஆஸ்பத்திரிக்கே போகாத இன்னொரு கூட்டமும் உண்டு. ஆந்திரத்துப் புத்தூர் பெயரில் கட்டுப் போடும் போர்டுகள் ஊரெங்கும் இருக்கின்றன, மணிக்கட்டு என்றால் பலர் நேரே அங்கேதான். கை ஒட்டிவிட்டால் கதை முடிந்தது. அந்த வழியில் போனவருக்கு ரத்தப் பரிசோதனையும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது, முதல் எச்சரிக்கை எந்தக் காகிதத்திலும் பதிவாவதே இல்லை. எங்கே கட்டுப் போட்டிருந்தாலும் அடுத்த மாதமே டாக்டரிடம் போய் ‘சாதாரணமாக விழுந்து முறிந்தது’ என்று சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கேட்க மூன்று கேள்விகள்:

1. இது பலவீனமான எலும்பால் வந்த முறிவா? ஆமாம் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த வார்த்தைகளை எழுதித் தருவீர்களா?

2. எலும்புக்கான மருந்து எது, எந்தத் தேதியில் தொடங்குவது? (கால்சியம் என்று பதில் வந்தால், அது தவிர என்ன என்று மறுபடி கேளுங்கள்.)

3. அடுத்த ஒரு வருடம் இதைப் பார்க்கப்போகும் டாக்டர் யார்?

மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் வராது. எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் டாக்டர்), வாத நோய் டாக்டர், முதியோர் மருத்துவர், அக்கறையுள்ள எலும்பு டாக்டர் என்று யாராக இருந்தாலும் சரி, ஒருவர் பெயர் வேண்டும். பெரிய டாக்டரின் தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆகும் என்றால் அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி மூன்றும் பார்த்து, வயிற்றுப் புண்ணோ விழுங்குவதில் சிரமமோ இல்லையென்றால், வார மாத்திரையைக் குடும்ப டாக்டரே எழுதித் தொடங்கிவைக்கலாம்.